தண்டனை போதும், பிடிக்கத்தான் ஆள் இல்லை

யாராவது ஓடிபி (காசு அனுப்பும்போது உறுதிப்படுத்த வங்கி போனுக்கு அனுப்பும் ஒருமுறை இலக்கம்) சொல்லிக் காசைப் பறிகொடுத்தார்கள் என்று செய்தி வந்தால் போதும், "சட்டத்தைக் கடுமையாக்குங்கள்" என்று நம்மவர்கள் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் நம் இலங்கையில் இருக்கிறது. அதிகாரமில்லை என்று தெரிந்தும் அடுத்தவர் கணினிக்குள் நுழைந்தாலே ஒரு இலட்சம் ரூபா வரை தண்டப்பணம், ஐந்து வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். இணையக் குற்றங்களுக்கு எதிரான சர்வதேச ஒப்பந்தமான புடாபெஸ்ட் உடன்படிக்கையிலும் 2015இல் சேர்ந்துவிட்டோம். இதற்கு மேல் எதைக் கடுமையாக்குவது?

திருகோணமலையின் திருக்கடலூரில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா கருவாடு விற்கிறார். பரிசு விழுந்திருப்பதாக அவருக்கு ஒரு போன். "அம்மா, இப்ப ஒரு நம்பர் வரும், அதை மட்டும் வாசியுங்கோ" என்று நல்ல தமிழில் கேட்டிருக்கிறான். வந்த குறுஞ்செய்தி முழுக்க ஆங்கிலம். இதை யாருக்கும் சொல்லாதீர்கள் என்ற எச்சரிக்கையும் ஆங்கிலத்தில்தான். அக்காவுக்கு அதில் வாசிக்கத் தெரிந்தது அந்த இலக்கங்கள் மட்டும். வாசித்துவிட்டார். வள்ளத்துக்கு என்ஜின் வாங்க மகன் கட்டாரிலிருந்து அனுப்பிய காசு போய்விட்டது.

இதில் எந்தப் பூட்டும் உடையவில்லை. சரியான இலக்கம் வந்தது, வங்கியின் கணினி காசை அனுப்பியது. எவ்வளவு விலை கொடுத்து எந்த மென்பொருளைப் போட்டாலும் இதை முழுக்கத் தடுக்க முடியாது. சரி, சட்டம் எங்கே நிற்கிறது? பொலிஸாரில், பொலிஸ் மாஅதிபர் எழுத்தில் சான்றளித்த, தொழில்நுட்பம் தெரிந்த அதிகாரி மட்டுமே விசாரணைக்காகக் கணினியைத் திறக்கலாம் என்கிறது. நியாயமான விதிதான், தெரியாதவர் கை வைத்தால் சாட்சியம் கெட்டுவிடும். ஆனால் அப்படி ஒருவர் பக்கத்தில் இல்லாவிட்டால்? அக்காவை அங்கே போ, இங்கே போ என்று அலையவிட்டு, கடைசியில் கொழும்புக்குப் போகச் சொன்னார்கள். இரவு பஸ் ஏறி, தமிழில் கேட்க ஆள் இருப்பாரா என்றும் தெரியாமல், யாவாரத்தை விட்டுவிட்டு எப்படிப் போவார்?

அழியக்கூடிய தரவை ஏழு நாள் வரை பாதுகாத்து வைக்கும்படி எழுத்தில் கட்டளையிடலாம், நீதவானிடம் போய் மொத்தம் 90 நாள் வரை நீட்டிக்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அருமையான ஏற்பாடு. அந்தக் கடிதத்தை எழுத ஊரில் ஒருவர் வேண்டாமா? காசு கைமாறி ஏடிஎம்மில் வெளியே வர நிமிடக்கணக்கு போதும்.

2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியில் நடந்ததைப் பாருங்கள். திருடர்கள் அனுப்பிய கட்டளைகள் கணினிக்கு உண்மையானவையாகவே தெரிந்தன. 81 மில்லியன் டொலர் பிலிப்பைன்ஸுக்குப் போனது, பெரும்பகுதி திரும்பவில்லை. இலங்கைக்கு அனுப்பிய 20 மில்லியன் தப்பியது. பெறுபவரின் பெயரில் எழுத்துப்பிழை, தொகையும் வழமைக்கு மாறாகப் பெரிது என்று வங்கி ஊழியர்கள் சந்தேகப்பட்டு நிறுத்தியதால்தான்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான்: திருகோணமலை மாவட்டத்திலேயே தமிழில் முறைப்பாடு எடுக்கும் சான்றுபெற்ற அதிகாரிகள், ஓடிபி எச்சரிக்கை தமிழிலும் சிங்களத்திலும், முன்பின் அனுப்பாத கணக்குக்குப் பெருந்தொகை போனால் வங்கி சில மணி நேரம் பிடித்து வைத்தல். அதுவரை, யாருக்காவது இப்படி நடந்தால் முதலில் வங்கிக்கு அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள், அப்புறம் பொலிஸுக்குப் போங்கள். வந்த குறுஞ்செய்தியையும் அழைப்பு விபரத்தையும் அழித்துவிடாதீர்கள்.