திறப்பைப் பூச்சாடிக்குக் கீழ வைக்கிறதுக்குப் பேர் நோட்டீஸ் இல்லை

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில வாடகைக்கு இருந்த குடும்பம் கனடாவில இருக்கிற வீட்டுக்காரருக்கு முன்கூட்டிச் சொல்லாமல் எழும்பிப்போன விசயம் எல்லாருக்கும் தெரியும். அவை அனுப்பின மெசேஜின்ர ஸ்கிரீன்ஷொட் எத்தினை குரூப் சுத்தி வந்திட்டுது எண்டும் தெரியும், அதால திரும்ப முழுக்கச் சொல்லேல்லை. "அண்ணா நாங்கள் வேற இடம் மாறிட்டம், திறப்பு படலையடிப் பூச்சாடிக்குக் கீழ கிடக்கு, மிச்சத்தை அட்வான்ஸில கழிச்சுக்கொள்ளுங்கோ." இரவு பத்து மணிக்கு வைபரில ஒரு மெசேஜ். நாலு வருசக் குடியிருப்பு அதோட முடிஞ்சுது.

போனதில எனக்குக் கோபமில்லை. வாடகை வீடெண்டால் ஒருநாள் எழும்பத்தான் வேணும். கோபம் வந்தது கீழ கொமென்டில கைதட்டின ஆக்களைப் பார்த்து. "சரியான அடி" எண்டு ஒருத்தர். "கனடாக்காரருக்கு இது காணாது" எண்டு இன்னொருத்தர். நான் ஒரு வரி எழுதினதுக்கு "வந்திட்டார் வீட்டுக்காரரின்ர அப்புக்காத்து" (வக்கீலாம்) எண்டு பதில். நல்லது. அப்புக்காத்து கொஞ்சம் கதைக்கட்டும்.

ஒரு மாசத்துக்கு முதல். எழுத்தில. வாடகை மாசம் முடியிற திகதியோட. இந்த மூண்டும் இருந்தால்தான் அது ஒழுங்கான நோட்டீஸ்.

மூண்டாவதுதான் ஆக்களுக்கு விளங்கிறதில்லை. மாத வாடகை வீட்டில மாசம் 1ஆம் திகதி தொடங்குதெண்டால், ஓகஸ்ட் 31 எழும்ப நினைக்கிற ஆள் யூலை 31க்குள்ள கடிதத்தை வீட்டுக்காரரின்ர கையில குடுத்திருக்க வேணும். ஓகஸ்ட் 5 குடுத்தால் அது செப்டெம்பர் 5ஓட முடியாது, செப்டெம்பர் 30தான். "முப்பது நாள் குடுத்தனான்தானே" எண்டு நாள் எண்ணிறதில பிரயோசனமில்லை. உங்கட வாடகை மாசம் 10ஆம் திகதி தொடங்கினால் 9ஆம் திகதி முடியும், அந்தக் கணக்கில போங்கோ.

"நாங்கள் ரெண்டு வருசத்துக்கு அக்ரிமென்ட் எழுதினனாங்கள், எங்களுக்கு இது பொருந்தாது" எண்டு சொல்லுற ஆக்கள் அந்தப் பேப்பரை ஒருக்கா எடுத்துப் பாருங்கோ. நொத்தாரிசுக்கு (உறுதி எழுதுற சட்டத்தரணிக்கு) முன்னால, ரெண்டு சாட்சியோட எழுதினதோ? இல்லாட்டி முத்திரை ஒட்டி நீங்களும் அவரும் விறாந்தையில இருந்து கையெழுத்து வச்சதோ? 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாசத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னால எழுதினால்தான் செல்லும். விறாந்தைப் பேப்பரில ரெண்டு வருசம் எண்டு எழுதியிருந்தாலும் சட்டத்தின்ர கண்ணுக்கு நீங்கள் மாத வாடகைக்காரர்தான். நொத்தாரிசு உறுதி இருந்தால் அதில போட்ட வாசகம்தான் கணக்கு. இரண்டு மாச அறிவித்தல் எண்டிருந்தால் இரண்டு மாசம்.

கடிதம் எழுதப் பெரிய படிப்புத் தேவையில்லை. அரைப் பக்கம் காணும். கடிதத் திகதி, வீட்டு விலாசம், எப்ப குடிவந்தது, எந்தத் திகதியில விட்டுப்போறது, எவ்வளவு அட்வான்ஸ் குடுத்தது, அதை எந்த பாங்க் கணக்குக்குப் போட வேணும், வீட்டைப் பார்க்க எந்த நாள் வரலாம், கீழ கையொப்பம். ரெண்டு பிரதி. ஒண்டைக் குடுத்து, மற்றதில "கிடைத்தது" எண்டு திகதியோட அவரின்ர கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கோ. மறுத்தால் பதிவுத்தபாலில போட்டு, பற்றுச்சீட்டைப் பத்திரமா வையுங்கோ. தபால் போய்ச் சேர நாள் எடுக்கும், மாசக் கடைசி வரைக்கும் வச்சிருக்காமல் 20ஆம் திகதியளவில போட்டுவிடுங்கோ.

வீட்டுக்காரர் வெளிநாட்டில எண்டால் இங்க யாரிட்டையோ அவருக்காகக் கையெழுத்து வைக்கிற அதிகாரம், அற்றோர்னித் தத்துவம், இருக்கும். கடிதம் அவருக்கு. அதின்ர படம் வைபரில வெளிநாட்டுக்கு. பக்கத்து வீட்டு அன்ரி திறப்பு வச்சிருக்கிறா எண்டதுக்காக அவவிட்ட வாயால சொல்லிறது நோட்டீஸ் ஆகாது. அவ சொல்ல மறந்தால் பழி அவவுக்கு. கொக்குவிலில அதுதான் நடந்தது, "அன்ரிக்குச் சொன்னனாங்கள்தானே" எண்டு இப்ப கதை வருது.

இனி அந்த "ஒரு மாச வாடகைதானே" எண்ட கதை.

ஒரு மாசமில்லை. யாழ்ப்பாணத்தில வீடு மாறுறது இங்கிலிஷ் கலண்டரில ஓடாது, பஞ்சாங்கத்தில ஓடும். ஆடியில யாரும் பால் காய்ச்சமாட்டினம். மார்கழியில காய்ச்சமாட்டினம். ஐப்பசி நடுவில சொல்லாமல் எழும்பினால் என்ன நடக்கும்? மாரி மழை தொடங்கியிருக்கும். சுவர் ஈரம், பெயின்ற் அடிச்சால் காயாது, காஞ்சாலும் பிறகு கொப்பளிச்சு உரியும். அடிக்காமல் காட்டினால் வாற ஆள் ஊத்தைச் சுவரைப் பார்த்திட்டு வாடகையைக் குறைக்கச் சொல்லும். கார்த்திகை அப்பிடிப் போகும், பிறகு மார்கழி. வீடு தைப்பொங்கல் வரைக்கும் பூட்டிக் கிடக்கும். பூட்டின வீட்டில கறையான் கதவு நிலையில ஏறும். கிணத்து மோட்டர் ஓடாமல் கிடக்க, பைப்பின்ர அடியில இருக்கிற புட்வால்வால தண்ணி இறங்கிப் பைப் காலியாகும். அது தெரியாமல் ஆராவது சுவிட்ச்சைப் போட்டால் மோட்டர் தண்ணியில்லாமல் ஓடி சீல் எரியும். இதெல்லாம் "ஒரு மாச வாடகைதானே"க்குள்ள அடங்குமோ?

பஞ்சாங்கம் உங்களுக்கும் இடைஞ்சல்தான், அது உண்மை. நல்ல நாள் மாச நடுவில வரும், வாடகை மாசக் கடைசியில முடியும். ஆடி பிறக்க முதல் புது வீட்டுக்குப் போக வேணுமெண்டால் யூன் 30 பழைய வீட்டை விட வேணும், அப்ப மே 31க்குள்ள கடிதம் போயிருக்க வேணும். அதைத் தவறவிட்டால் நல்ல நாளில சாமிப் படமும் உப்பும் கொண்டுபோய்ப் பாலைக் காய்ச்சிப்போட்டு, சாமான்களைப் பிறகு ஏத்துங்கோ. லோறி மாசக் கடைசியில வந்தாலும் சாமி கோவிக்காது.

எங்கட ஒழுங்கையில ஒரு அம்மா இருக்கிறா. மனுசன் மோசம் போய்க் கனகாலம். பின்பக்கத்து ரெண்டு அறையையும் குசினியையும் வாடகைக்கு விட்டுத்தான் மருந்துச் செலவு. அவ கனடாவும் இல்லை, லண்டனும் இல்லை. அவவின்ர வாடகைக்காரரும் இப்பிடித்தான், ஒரு வெள்ளிக்கிழமை அவ நல்லூருக்குப் போயிட்டு வாறதுக்குள்ள லான்ட்மாஸ்டர் உழவு மெசினில ஏத்திக்கொண்டு போயிட்டினம். பல்ப்பையும் கழட்டிக்கொண்டு. பல்ப்! இருட்டுக்குள்ள சுவரைத் தடவிக்கொண்டு நிண்ட மனுசியிட்டப் போய்ச் சொல்லுங்கோ பாப்பம், "சரியான அடி" எண்டு.

"வீட்டுக்காரர் எங்களை ஒரு கிழமையில எழும்பச் சொல்லேக்க உங்கட சட்டம் எங்க போச்சு?" எண்டு கேப்பியள். கேளுங்கோ. அதுவும் பிழைதான். நீதிமன்றக் கட்டளை இல்லாமல் சாமானைத் தூக்கி வெளிய போடவோ, கரண்டை வெட்டவோ எந்த வீட்டுக்காரருக்கும் உரிமையில்லை, 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் வந்ததும் குடியிருக்கிற ஆக்களைப் பாதுகாக்கத்தான். அதைப் பற்றி வேற பதிவு போடுவம். இப்ப கதை இது.

"திடீரெண்டு விசா வந்திட்டுது" எண்டும் ஒரு சாட்டு. விசா வந்தது திடீரெண்டு, சரி. விண்ணப்பம் போட்டதும் திடீரெண்டோ? உண்மையான அவசரமெண்டால், வருத்தமோ இடமாற்றமோ, நேர போய்ச் சொல்லி ஒரு மாச வாடகையைக் கையில குடுங்கோ. இல்லாட்டி உங்கட இடத்துக்கு வர ஒரு ஆளைப் பிடிச்சுக் குடுங்கோ. திருநெல்வேலிப் பக்கம் எண்டால் கம்பஸ் பிள்ளையள் அறை தேடித் திரியுதுகள், கஸ்டமே இல்லை.

"சொன்னால் அட்வான்ஸைத் தரமாட்டினம், அதுதான் சொல்லாமல் கழிக்கிறம்." இதுக்கு மட்டும் நான் கொஞ்சம் வாயை மூட வேணும். அப்பிடி ஆக்கள் இருக்கினம். பைப்பில உப்புப் படிஞ்சிருக்கு எண்டு காசு வெட்டின கதையெல்லாம் கேட்டிருக்கிறன். எங்கட சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணத்துத் தண்ணியில எந்தப் பைப்பிலதான் படியாது? அது பாவனைத் தேய்மானம், வாடகைக்காரரின்ர கணக்கில்லை. ஆனாலும் கணக்கைப் பாருங்கோ. வாடகை 30,000, அட்வான்ஸ் மூண்டு மாசம், 90,000 எண்டு வைப்பம். கடைசி மூண்டு மாசமும் குடுக்காமல் இருந்து கழிச்சாச்சு. மின்சாரப் பில் நீங்கள் பாவிச்ச பிறகுதானே வரும், அப்ப உங்கட கடைசிப் பில் ஆரின்ர தலையில? மீட்டர் வீட்டுக்காரரின்ர பேரில. கட்டாட்டி வெட்டுறது அவரின்ர கரண்டை. உடைஞ்ச சிங்குக்கு ஆர்? அட்வான்ஸ் இருக்கிறதே இதுக்குத்தான்.

அதால குடிவரேக்கயே ஒவ்வொரு அறையாப் படமெடுத்து வையுங்கோ. எழும்புற அண்டைக்கு மீட்டர் இலக்கத்தைப் படமெடுத்து அவருக்கு அனுப்புங்கோ. மோட்டரை அவருக்கு முன்னால போட்டு டாங்கியில தண்ணி விழுறதைக் காட்டுங்கோ. ஆணி அடிச்ச ஓட்டையைப் புட்டி வச்சு அடையுங்கோ. உங்கட பேரில எடுத்த இன்ரநெற் இணைப்பை வெட்டுங்கோ. ஜீ.எஸ்.இட்ட (கிராம சேவகரிட்ட) போய்ப் பதிவை மாத்துங்கோ. இதெல்லாம் செய்த ஆளிட்ட அட்வான்ஸை வச்சுக்கொண்டு சண்டை பிடிக்கிறது வீட்டுக்காரருக்கும் லேசில்லை. பிடிக்கிற ஆக்கள் பிடிப்பினம்தான், இல்லையெண்டு சொல்லேல்லை.

நாலு வருசம் ஒரே கிணத்துத் தண்ணி குடிச்சிருக்கிறம். தீபாவளிக்குப் பலகாரம் மாறியிருக்கிறம். வீட்டுக்காரரின்ர தாய் செத்த வீட்டில நிண்டு தேத்தண்ணி குடுத்ததும் இதே குடும்பம்தான், அதை நான் மறக்கேல்லை. அதாலதான் இப்பிடி விசரா இருக்கு. ஒரு கடிதம் குடுக்க என்ன வெக்கம்? முகத்தைப் பார்த்துச் சொல்ல என்ன பயம்?

கைதட்டின ஆக்கள் தட்டுங்கோ, அன்ஃபிரெண்ட் பண்ணுறவையும் பண்ணுங்கோ. ஒரு மாசத்துக்கு முதல், எழுத்தில, மாச முடிவுத் திகதியோட.

மற்றது, பூச்சாடிக்குக் கீழ இருந்த கோர்வையில முன்கதவுத் திறப்பும் படலைத் திறப்பும்தான் இருந்தது. குசினிக் கதவுத் திறப்பு இல்லை. இதை வாசிக்கிறீங்கள் எண்டு தெரியும். ஆரிட்டையாவது குடுத்துவிடுங்கோ, பூட்டை உடைக்காமல் பார்த்துக்கொண்டு இருக்கினம்.