நம் தலைக்கணக்கில் வந்த ஆசனங்கள்

அக்காவின் மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். 2024 நவம்பர் 14 பொதுத் தேர்தலுக்கு அவன் ஊருக்கு வரவில்லை. அன்று மாலை தொலைபேசியில் கேட்டேன். "யார் வந்தாலும் அம்மா கொழுந்துதானே பறிக்கப் போகிறார், சித்தி?" என்றான். கோபத்தில் எனக்குப் பேச்சே வரவில்லை. அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன். மலையகத் தேயிலைத் தோட்டங்களை விட்டு மஸ்கெலியாவிலிருந்தும் நோர்வூட்டிலிருந்தும் கொழும்புக்குப் போன எல்லாப் பிள்ளைகளுக்கும் இது சேரட்டும்.

அவனுடைய பூட்டி, அதாவது என் அம்மாயி, பொகவந்தலாவைப் பக்கம் ஒரு லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்தவர். 1947 தேர்தலில் அவருடைய அப்பா வாக்களித்திருக்கிறார். அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இலங்கையில் பிறந்தவர் என்று காட்ட வேண்டும். தோட்டத்தில் பிறந்தவர்களில் எத்தனை பேரிடம் பிறப்புப் பத்திரம் இருந்தது? 1949இல் வாக்குரிமையும் பறிபோனது. 1952 தேர்தலின்போது அம்மாயியின் அப்பா இதே மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார், வாக்காளர் பட்டியலில் மட்டும் இல்லை.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நம் பிள்ளைகள் அறிய வேண்டும். தொகுதி பிரிக்கும்போது மொத்தச் சனத்தொகையைக் கணக்கில் எடுத்தார்கள். வாக்கில்லாத நம்மவர்களும் அந்தக் கணக்கில் சேர்ந்தார்கள். நம் தலைகளை எண்ணியதால் மலைநாட்டுக்கு ஆசனங்கள் கூடின. அவற்றில் யார் உட்காருவது என்று நம்மைக் கேட்க ஆளில்லை.

இன்றைக்கு வாருங்கள். ஒரு மாவட்டத்துக்கு எத்தனை ஆசனம் என்பது பெரும்பாலும் பதிவான வாக்காளர் தொகையைப் பொறுத்தது. நுவரெலியாவின் 8 ஆசனங்களில் தோட்டத்து முகவரியில் பதிந்திருக்கும் அவன் பெயருக்கும் பங்கு இருக்கிறது. பெயர் ஊரிலும் ஆள் கொழும்பிலும் இருந்தால், 1952இல் சட்டம் நமக்குச் செய்ததை இன்று அவனே தனக்குச் செய்துகொள்கிறான். அவன் மட்டுமல்ல. 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் நாடு முழுவதும் 79 சதவீதத்துக்கு மேல் வாக்களித்தார்கள். இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில் பொதுத் தேர்தலில் அது 69 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. ஏறக்குறைய 18 லட்சம் பேர் குறைந்துவிட்டார்கள். சட்டம் இயற்றுவது நாடாளுமன்றம். நம்மை நாடற்றவர் ஆக்கியதும் நாடாளுமன்றத்தில் கை உயர்த்திய பெரும்பான்மைதான்.

யார் வந்தாலும் ஒன்றுதான் என்பதில் பாதி நியாயம் இருக்கிறது. லயக் காம்பரா இன்னும் லயக் காம்பராவாகத்தான் நிற்கிறது; வாக்கு வாங்கிப்போனவர்கள் நம்மை ஏமாற்றியும் இருக்கிறார்கள். ஆனால் விண்ணப்பித்துப் பதிவு பெற்ற பிரஜைகளாகக் கொஞ்சம் பேர் கையில் வாக்கு வந்த பிறகு, 1977இல் தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமான் நுவரெலியா – மஸ்கெலியா தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போனார். மிச்சமிருந்த நாடற்றவர்களுக்கான சட்டங்கள் 1988இலும் 2003இலும் வந்தன. வாக்கில்லாத முப்பது வருடம் எத்தனை மனு எழுதினோம், எத்தனை பேரை இந்தியாவுக்குக் கப்பலேற்றினோம்!

அம்மாயி முதன்முதலாக வாக்களித்தது 1989இல், அறுபதை நெருங்கும்போது. வாக்குச்சாவடியில் உத்தியோகத்தர் தன் பெயரை உரக்க வாசித்ததைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அதுவரை அவர் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டது, காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் மட்டும்தான்.

கடை முதலாளிமாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வாக்களிக்கச் சம்பளத்தோடு குறைந்தது 4 மணித்தியாலம் விடுப்புக் கொடுப்பது சட்டம். கொழும்பிலிருந்து ஹட்டன் வந்துசேரவே அந்த நேரம் போதாது. முதல் நாள் இரவே பிள்ளைகளை பஸ் ஏற்றிவிடுங்கள்.

தோட்டத்தில் இருக்கும் நாமும் சரியாகப் போட வேண்டும். முதலில் கட்சிச் சின்னத்துக்கு எதிரே புள்ளடி (X), அதன் பிறகுதான் விருப்பு இலக்கம், அதாவது நாம் விரும்பும் வேட்பாளரின் இலக்கத்துக்குப் புள்ளடி, மூன்றுக்கு மேல் வேண்டாம். இலக்கத்துக்கு மட்டும் புள்ளடி போட்டால் அந்த வாக்கை நிராகரித்துவிடுவார்கள். வயதான அக்காமாருக்கு ஒரு தாளில் வரைந்து காட்டுங்கள். நான் எங்கள் லயத்தில் காட்டப்போகிறேன். அடுத்த தேர்தலுக்கு அக்கா மகனின் பஸ் காசையும் நானே அனுப்பிவைப்பேன்.