ஆறு முறை தோற்றவர் என்று அவரை அறிமுகப்படுத்தாதீர்கள்

ஹாலிவுட் நடிகை தெல்மா ரிட்டர் பெயர் எங்கே வந்தாலும், ‘ஆறு தடவை ஆஸ்கர் பரிந்துரை, ஒரு தடவைகூடக் கிடைக்கவில்லை’ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கணக்கு சரிதான். ‘ஆல் அபவுட் ஈவ்’ (1950) தொடங்கி ‘பேர்ட்மேன் ஆஃப் அல்காட்ராஸ்’ (1962) வரை ஆறு. ஆனால் ஒரு மனுஷி அத்தனை வருடம் உழைத்ததை இந்த ஒற்றை வரியில் முடித்துவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

புரூக்ளின்காரர். நாடகம், வானொலி, இரண்டு பிள்ளைகளை வளர்த்தது எல்லாம் தாண்டி, ‘மிரக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்’ (1947) படத்தில் முகம் காட்டியபோது வயது 45. மகனுக்குப் பொம்மை தேடி அலையும் அம்மா வேடம். டைட்டிலில் பெயர்கூடக் கிடையாது.

அப்புறம் வேலைக்காரி, நர்ஸ், மாமியார். ‘ரியர் விண்டோ’ பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: கால் கட்டோடு உட்கார்ந்திருக்கும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் காலைச் சாப்பாட்டில் கைவைக்கும் நேரம் பார்த்து, எதிர்வீட்டுக்காரன் மனைவியை எங்கே வைத்து வெட்டியிருப்பான், குளியல் தொட்டியில்தான் வெட்டியிருப்பான், அங்கேதானே ரத்தத்தைக் கழுவிவிட முடியும் என்று நர்ஸாக வரும் ரிட்டர் வாய்விட்டு யோசித்துக்கொண்டிருப்பார். காய்கறி விலை பேசுகிற மாதிரி அவ்வளவு சாதாரணமான குரல். ஸ்டூவர்ட்டுக்கு ஒரு வாய் இறங்காது.

‘ஆல் அபவுட் ஈவ்’ படத்தில் ஈவ் நல்லவள் இல்லை என்று முதலில் மோப்பம் பிடிப்பது அவர் செய்த பேர்டிதான். பாதிப் படத்துக்கு மேல் அந்தப் பாத்திரமே காணாமல் போய்விடும். இயக்குநர் மேங்கிவிச் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி, அது தப்பு.

1958இல் ‘நியூ கேர்ள் இன் டவுன்’ இசை நாடகத்துக்காக, அதில் கூட நடித்த க்வென் வெர்டனோடு சேர்ந்து, அமெரிக்க மேடை நாடகத்தின் பெரிய விருதான டோனி விருது வாங்கினார், அதுவும் கதாநாயகிக்கான பிரிவில். அதை யாராவது முதல் வரியில் எழுதுகிறார்களா?

சரி, ஒரே ஒரு படம் பார்க்க நேரம் இருந்தால் சாமுவேல் ஃபுல்லரின் ‘பிக்கப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்’ (1953) பாருங்கள். டை விற்றுக்கொண்டே போலீசுக்குத் துப்புக் கொடுத்துக் காசு சேர்க்கும் மோவாக வருகிறார். அநாதைப் பிணமாகப் பொதுக்குழிக்குப் போய்விடக் கூடாது, நல்லபடியாக அடக்கம் ஆக வேண்டும், அதற்குத்தான் அந்தக் காசு. பிக்பாக்கெட் ஸ்கிப்பைப் போலீசிடம் காட்டிக் கொடுத்ததே அவர்தான். ஆனால் ஒரு ராத்திரி கம்யூனிஸ்ட் உளவாளிகளின் ஆள் அறைக்கே வந்து ஸ்கிப்பின் இடத்தைக் கேட்டால், காசு தருகிறேன் என்றாலும் சொல்ல மாட்டார். கெஞ்சல் இல்லை. நாளெல்லாம் தெருத் தெருவாக நடந்த அலுப்பு மட்டும் அந்தக் குரலில். சுட்டுவிட்டால் எனக்கு நல்லதுதான் என்கிற மாதிரி பேசுவார். இசைத்தட்டு ஓடிக்கொண்டிருக்கும், கேமரா அந்தப் பக்கம் நகரும், சத்தம் மட்டும் கேட்கும்.

அந்த வருட ஆஸ்கர் டோனா ரீடுக்குப் போனது. அவரும் நல்ல நடிகைதான், ஆனால் அது மோவுக்கு வந்திருக்க வேண்டிய விருது.

மற்ற சவப்பெட்டிகளோடு பொதுக்குழிக்குப் போக இருந்த மோவின் பெட்டியை, அதே ஸ்கிப்தான் வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போவான்.