ஜிஆர்ஈயில் தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது

கோத்தகிரி தம்பி ஒருவருக்கு, வெளிநாட்டில் மேற்படிப்புக்கு எழுதும் ஜிஆர்ஈ தேர்வின் ஆங்கில வாசிப்புப் பகுதியில் உறுதியாகத் தெரியாத கேள்வியை விட்டுவிடுங்கள், தப்பாக எழுதினால் மதிப்பெண் குறையும் என்று சிலர் சொல்லியிருக்கிறார்கள். மன்னிக்கவும், அது சரியில்லை. ஜிஆர்ஈயில் நெகட்டிவ் மார்க் கிடையாது. சரியான விடைகளை மட்டுமே எண்ணுகிறார்கள். ஐந்து விருப்பங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் ஊகித்தால்கூட ஐந்தில் ஒரு வாய்ப்பு உண்டு. விட்டுவிட்டால் அதுவும் இல்லை.

இந்தக் குழப்பம் ஐஐஎம்களில் எம்பிஏ சேர எழுதும் கேட் (CAT) தேர்விலிருந்து வந்திருக்கலாம். அங்கே விருப்பங்கள் தரும் கேள்விக்குத் தவறாக விடையளித்தால் ஒரு மதிப்பெண் கழிப்பார்கள். ஊட்டி, குன்னூர்ப் பக்கம் இரண்டுக்கும் சேர்த்தே படிக்கிற பிள்ளைகள் நிறைய. இரண்டையும் கலந்துவிட்டால் அவர்களுக்குத்தான் இழப்பு.

யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். தேர்வை நடத்தும் ஈடிஎஸ் இணையதளத்தில் மதிப்பெண் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்ற பக்கத்தைப் பாருங்கள். அப்புறம், அங்கேயே பவர்பிரெப் மாதிரித் தேர்வுகள் இரண்டு இலவசமாக இருக்கின்றன. தம்பி, அதில் தெரியாத கேள்வியைக் குறித்து வைத்துவிட்டு, அந்தப் பிரிவின் நேரம் முடிவதற்குள் திரும்பி வந்து ஏதாவது ஒரு விடையைத் தேர்ந்தெடுத்துப் பழகுங்கள்.