பெண்கள் மேட்ச்தானே!

நாளை இரவு ஏழரை மணிக்கு மகளிர் பிரீமியர் லீக் கிரிக்கெட்டின் எலிமினேட்டர் ஆட்டம். தோற்கிற அணி பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்; வெல்கிற அணி இறுதிப்போட்டிக்குப் போகும். இந்த ஆட்டத்தை எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது ஹாலில், எல்லா வீட்டாரும் கட்டிய பராமரிப்புப் பணத்தில் வாங்கி மாட்டிய பெரிய டிவியில் போடுங்கள் என்று கேட்டதற்குச் சங்கச் செயலாளர் சொன்ன பதில் இது: "பெண்கள் மேட்ச்தானே சார், யார் வந்து உட்காரப் போறாங்க?"

இதைச் சொல்லும்போது அவருக்கு முன்னால் ஹால் முன்பதிவு நோட்டு விரித்தபடி இருந்தது. நாளைய தேதிக்கு எதிரே எவருடைய பெயரும் இல்லை. வளைகாப்பு இல்லை, பிறந்தநாள் இல்லை, சங்கக் கூட்டமும் இல்லை. அந்த வெற்றுக் கட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டேதான் "ஆள் வரமாட்டாங்க" என்றார். ஹால் காலியாகக் கிடக்கலாம், டிவி இருட்டாகக் கிடக்கலாம், ஆனால் அந்த இருட்டுத் திரையில் பெண்கள் ஆடும் கிரிக்கெட் மட்டும் ஓடிவிடக் கூடாது என்பது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை.

அவர் ஒன்றும் கிரிக்கெட் தெரியாத மனிதர் அல்லர் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பை டி.ஒய். பாட்டீல் மைதானத்தில் தென்னாப்பிரிக்காவை 52 ரன் வித்தியாசத்தில் வீழ்த்தி இந்திய மகளிர் அணி உலகக் கோப்பையை வென்ற இரவில் இதே ஹால் நிரம்பி வழிந்தது. உட்கார இடமில்லாமல் படிக்கட்டு வரை ஆட்கள் நின்றார்கள். ஷபாலி வர்மா 87 ரன் அடித்தபோதும், தீப்தி சர்மா ஐந்து விக்கெட் எடுத்தபோதும், தென்னாப்பிரிக்கக் கேப்டன் லாரா வோல்வார்ட் தூக்கி அடித்த பந்தை அமன்ஜோத் கவுர் தட்டித் தடுமாறிப் பிடித்தபோதும் எல்லோரையும் விட உரக்கக் கத்தியவர் இந்தச் செயலாளர்தான். நள்ளிரவு தாண்டியபின் இனிப்பு டப்பாவோடு வீடு வீடாகப் போய், "நம்ம பொண்ணுங்க சாதிச்சுட்டாங்க" என்று சொல்லிக் கதவைத் தட்டியவரும் அவரேதான். கோப்பை கையில் வந்தால் நம்ம பொண்ணுங்க, கோப்பைக்கு வழி போட்ட லீக் ஆட்டம் என்றால் மட்டும் "பெண்கள் மேட்ச்தானே."

அந்த உலகக் கோப்பையில் 14 விக்கெட் எடுத்த இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் ஸ்ரீ சரணி எங்கிருந்து வந்தார் என்று அவரிடம் கேட்டேன். தெரியவில்லை. கடப்பா மாவட்டத்துப் பெண். 2025 சீசனுக்கான ஏலத்தில் டெல்லி அணி அவரை 55 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. மார்ச்சில் முடிந்த அந்த லீக்குக்குப் பின் ஏப்ரலிலேயே இந்திய அணிக்கு ஆடினார். நாளை ஆடப்போகும் இருபத்திரண்டு பேரில் அடுத்த உலகக் கோப்பைக்கு நாம் பட்டாசு வெடிக்கப்போகும் பெயர் ஒன்று இருக்கலாம். அதை இப்போதே பார்க்க மாட்டோம், கோப்பை வந்த பிறகு இனிப்போடு வருவோம் என்றால் அதற்கு ரசனை என்று பெயர் இல்லை.

எலிமினேட்டர் என்றால் என்ன என்பதையாவது புரிந்துகொண்டு மறுக்கக் கூடாதா? ஐந்து அணிகள், ஆளுக்கு எட்டு ஆட்டங்கள். முதலிடம் பிடிக்கும் அணி நேராக இறுதிப்போட்டிக்குப் போய்விடும். இரண்டாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் சேர்த்து ஒரே ஓர் இரவு. ஆண்கள் ஐபிஎல்லில் முதல் இரண்டு இடங்களில் வந்த அணி ஓர் ஆட்டத்தில் சறுக்கினாலும் இன்னொரு வாய்ப்பு உண்டு; இங்கே இரண்டாம் இடத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. வாரக்கணக்கில் பாடுபட்டுச் சேர்த்த புள்ளிகள் எல்லாம் நாற்பது ஓவருக்குள் செல்லாக்காசாகிவிடலாம்.

2024 மார்ச் 15 அன்று மும்பைக்கும் பெங்களூருக்கும் டெல்லியில் நடந்த எலிமினேட்டரை நான் கைப்பேசியின் சிறு திரையில் பார்த்தேன். எலிஸ் பெர்ரி 66 ரன் அடித்தும் பெங்களூரு மொத்தத்தில் 135-ஐத் தாண்டவில்லை. மும்பைக்குக் கடைசி மூன்று ஓவரில் 20 ரன் போதும், கையில் ஏழு விக்கெட், களத்தில் கேப்டன் ஹர்மன்பிரீத் கவுர். இந்தக் கணக்கில் தோற்பதற்கு எவராவது பந்தயம் கட்டுவார்களா? ஸ்ரேயங்கா பாட்டீல் வீசிய பதினெட்டாவது ஓவரில் ஹர்மன்பிரீத் போனார். பத்தொன்பதாவது ஓவரில் நான்கே ரன். கடைசி ஓவரில் 12 வேண்டும். பந்து ஆஷா ஷோபனாவின் கையில். இருபது ஓவர் ஆட்டத்தின் இறுதி ஓவரை ஒரு லெக் ஸ்பின்னரிடம் கொடுப்பதற்கே நெஞ்சுரம் வேண்டும், ஒரு பந்து கை நழுவினால் சிக்ஸர். அவர் கொடுத்தது ஆறு ரன். ஐந்து ரன் வித்தியாசத்தில், புள்ளிப் பட்டியலில் மேலே இருந்த மும்பை வெளியேறியது. மூன்றாம் இடத்திலிருந்து தப்பிப் பிழைத்த பெங்களூரு இரண்டு நாள் கழித்துக் கோப்பையையே தூக்கியது. ஆஷா அடுத்த மே மாதமே, முப்பத்து மூன்று வயதில், முதல் முறையாக இந்திய அணிக்கு ஆடினார். அந்த எலிமினேட்டருக்கு மறுநாள் அலுவலகத்தில் ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். ஆண்கள் ஐபிஎல் தொடங்க இன்னும் ஒரு வாரம் இருக்கையில் அதன் பயிற்சி முகாமில் யார் தலைமுடியை எப்படி வெட்டியிருக்கிறார் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

இனி மற்ற சப்பைக்கட்டுகள். எங்கள் மூன்றாம் மாடி நண்பருக்குப் பவுண்டரி சின்னது என்பது பெரிய குறை. ஆம், மகளிர் ஆட்டத்தில் எல்லைக்கோடு உள்ளே இருக்கும், பந்தும் சற்று எடை குறைவு: ஆண்கள் பந்து 156 முதல் 163 கிராம், பெண்கள் பந்து 140 முதல் 151 கிராம். அதற்காக யார்க்கர் யார்க்கராக இல்லாமல் போய்விடுகிறதா, கூக்ளி திரும்பாமல் நேராகப் போகிறதா? அவருக்கு எல்லைக்கோட்டின் அளவு மீட்டர் கணக்கில் மனப்பாடம். ஒரு மகளிர் ஆட்டத்தையாவது இருபது ஓவரும் உட்கார்ந்து பார்த்ததுண்டா என்றால் அதற்கு மட்டும் பதில் வராது. பார்க்காமலே மட்டம் என்று தீர்ப்பு எழுதிவிட்டு, மட்டம் என்பதால் பார்ப்பதில்லை என்று சொல்லும் இந்தச் செக்குமாட்டுச் சுற்றிலிருந்து இவர்களை இறக்கவே முடியாது.

அடுத்தது, "நம்ம சென்னைக்கு டீம் இல்லையே சார்." இல்லைதான், அந்த ஏமாற்றம் எனக்கும் உண்டு. 2024-இல் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக இந்திய மகளிர் 603 ரன் குவித்த டெஸ்ட் நடந்த சேப்பாக்கத்தில் இந்த லீக் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் சென்னை சூப்பர் கிங்ஸ் தடையில் இருந்த 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளும் இந்த ஹாலில் ஐபிஎல் ஓடியதே, அப்போது எந்த நம்ம டீமைப் பார்த்தோம்? தவிர, தமிழ்நாட்டுப் பெண் கமலினியைப் பதினாறு வயதில் மும்பை அணி 1.6 கோடி ரூபாய் கொடுத்து எடுத்ததே, அவர் நம்மவர் இல்லையா? (நான் எந்த அணி என்று இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் திரும்பி, டிவி விஷயம் அம்போவென்று போய்விடும்.)

எனக்காக மட்டும் என்றால் பழையபடி கைப்பேசியிலேயே பார்த்துத் தொலைத்திருப்பேன். இரண்டாம் மாடியில் ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். மாலையானால் கார் நிறுத்துமிடத்தில், தூணில் சுண்ணக்கட்டியால் மூன்று கோடு கிழித்து, டென்னிஸ் பந்தில் லெக் ஸ்பின் போடுவாள். மணிக்கட்டை எந்த இடத்தில் மடக்குவது என்று தனக்குத்தானே பேசிக்கொண்டே போடுவாள். பந்து கார்மேல் படுகிறது என்று அவள்மேல் ஏற்கெனவே இரண்டு புகார்கள் அந்தச் சங்க நோட்டில் இருக்கின்றன. "அங்கிள், நாளைக்கு ஹால்ல போடுவாங்களா? பெரிய ஸ்கிரீன்ல பார்த்தா கை எப்படிச் சுத்துதுன்னு நல்லா தெரியும்" என்று நேற்று மின்தூக்கியில் கேட்டாள். யார் வந்து உட்காரப் போகிறார்கள் என்று கேட்டாரே செயலாளர், அதற்குப் பதில் இரண்டாம் மாடியில் இருக்கிறது. அவர் எண்ணும் ஆட்களில்தான் அவள் சேர்த்தி இல்லை.

கடைசியில் சங்க விதியைப் புரட்டினேன். சொந்த நிகழ்ச்சிக்கு ஹாலை எடுப்பவர் ஐந்நூறு ரூபாய் கட்டினால், டிவி உட்பட நான்கு மணி நேரம் அவர் பொறுப்பில் விடப்படும். ஆண்கள் ஆட்டத்துக்கு இன்றுவரை எவரும் ஒரு பைசா கட்டியதில்லை. நான் பணத்தை எடுத்து நோட்டின் மேல் வைத்தேன். செயலாளர் ரசீதுப் புத்தகத்தை எடுத்து, பெயர், வீட்டு எண், ஏழு முதல் பதினொன்று வரை என்று வரிசையாக எழுதிக்கொண்டே வந்து, நிகழ்ச்சி என்ற கட்டத்தில் பேனாவை நிறுத்தினார். கிரிக்கெட் என்றே எழுதுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு "இதர" என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.