‘விசுவாசம் இல்லாததால்தான் குணமாகவில்லை’ என்பது வேதாகமத்தின் போதனையா?

“இயேசு விசுவாசித்தவர்களை மட்டுமே குணமாக்கினார், உங்கள் நோய் தீரவில்லை என்றால் விசுவாசம் போதவில்லை” என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது. இது தவறு. நோயாளியின் தலையில் பழியையும் ஏற்றும் கொடுமை.

யோவான் 5-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பெதஸ்தா குளத்தருகே 38 ஆண்டுகளாக நோயுற்றுக் கிடந்தவன், “குணமாக விரும்புகிறாயா?” என்று இயேசு கேட்டபோது ஆம் என்றுகூடச் சொல்லவில்லை. குளத்தில் இறக்கிவிட ஆள் இல்லையே என்றுதான் புலம்பினான். எழுந்து நடந்த பிறகும், தன்னைக் குணமாக்கியவர் யாரென்று அவனுக்குத் தெரியாது (5:13). கெத்செமனே தோட்டத்தில் காது வெட்டுண்டு, இயேசு குணமாக்கிய வேலைக்காரனோ, அவரைப் பிடிக்க வந்த கூட்டத்தைச் சேர்ந்தவன்.

“உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது” என்று இயேசு சிலரிடம் சொன்னது உண்மைதான். ஆனால் அதை எல்லோருக்குமான நிபந்தனையாக்க முடியாது. அப்போஸ்தலன் பவுல் தன் உடலில் இருந்ததாகச் சொன்ன ‘முள்’ என்ற வேதனை, அவர் வேண்டியும் நீங்கவில்லை. தன் உடன் ஊழியரான துரோப்பீமுவை அவர் மிலேத்து நகரில் நோயாளியாகவே விட்டுவந்தார்.

அற்புதங்களைக் குறிக்க யோவான் பயன்படுத்தும் கிரேக்கச் சொல் ‘செமெயோன்’, அதாவது அடையாளம். ‘திருவிவிலியம்’ என்ற தமிழ் வேதாகமப் பதிப்பு அதை ‘அரும் அடையாளம்’ என்றே மொழிபெயர்க்கிறது. இயேசு யார் என்பதைச் சுட்டவே அவை எழுதப்பட்டன என்று யோவானே சொல்கிறார் (20:30-31). நோயாளியின் விசுவாசத்தை அளக்க அல்ல.