ஒரே சரீரம், எத்தனை பந்தி?

எல்லாரும் ஒரே உபதேசத்துக்கு வந்தால் கிறிஸ்தவ சபைகள் ஒன்றாகிவிடும் என்கிறது சபை ஒற்றுமை பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. ஆசை நல்லதுதான், ஆனால் பிளிமத் சகோதரர்கள் என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் கதையையும் கொஞ்சம் பாருங்கள். சபைப் பெயர் எதுவும் வேண்டாம், கிறிஸ்துவின் நாமத்தில் கூடி அப்பம் பிட்டால் போதும் என்று தொடங்கியவர்கள் அவர்கள். 1848-இல் இரண்டாக உடைந்தார்கள். தவறான போதனை என்று ஒதுக்கப்பட்ட, இங்கிலாந்தின் பிளிமத் நகரக் கூட்டத்திலிருந்து வந்த சிலரை, பிரிஸ்டல் நகரில் இருந்த பெத்தெஸ்தா சபை அப்பம் பிட்கும் பந்தியில் சேர்த்துக்கொண்டது. உடனே இயக்கத்தின் முக்கியத் தலைவரான டார்பி அந்த சபையையே ஒதுக்கச் சொன்னார். ஏன்? சபை என்பது கிறிஸ்துவின் சரீரம், அந்தச் சரீரம் ஒன்று, ஆகவே ஓரிடத்தில் எடுத்த முடிவு எல்லா இடத்தையும் கட்டுப்படுத்துமாம். ஒற்றுமைக்கான அதே உபதேசம்தான் கத்தியானது! அப்புறம் டார்பி பக்கம் நின்றவர்களும் பலமுறை உடைந்தார்கள்.

அமெரிக்காவில் வேதம் மட்டும் போதும் என்று ஒன்றுசேரப் புறப்பட்ட கேம்பல் இயக்கமும் (கேம்பல் என்ற தந்தையும் மகனும் முன்னின்று நடத்தியது) அந்நாட்டு அரசின் 1906 மதக் கணக்கெடுப்பில் இரு சபைகளாகத்தான் பதிவானது.

எபேசியர் 4:3-இல் பவுல் ஆவியின் ஒருமையைக் 'காத்துக்கொள்ள'ச் சொல்கிறார், உண்டாக்கச் சொல்லவில்லை. கட்டுரையாளர் அந்த வசனத்தைத் தொடவே இல்லையே?